ஒய்பிசிஓ படலம்: 90 கெல்வினில் இறங்கத் தொடங்குகிறது, சுழியைத் தொட 81 ஆகிவிடுகிறது

ஸ்ட்ரோன்சியம் டைட்டனேட் சில்லு மேல் லேசர் படிவு முறையில் ஒய்பிசிஓ (யிட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு, குளிர்ந்தால் மின்தடை சுழியாகும் மீக்கடத்தி) படலம் வளர்க்கிறேன். 248 நானோமீட்டர் எக்சைமர் லேசர், ஹீட்டர் 780 டிகிரி, ஆக்சிஜன் 0.3 மில்லிபார், தடிமன் 200 நானோமீட்டர். மின்தடை 90 கெல்வினில் சரியத் தொடங்குகிறது, ஆனால் வால் மாதிரி நீண்டு 81-இல்தான் சுழிக்கு வருகிறது. திரவ நைட்ரஜனில், அதாவது 77-இல், வேலை செய்ய வேண்டிய மைக்ரோவேவ் ஒத்ததிர்வி இது, 4 கெல்வின் இடைவெளியை நம்பி எப்படி இறங்குவது? ஆக்சிஜன் குறைவா, வேறு ஏதாவதா?

படிகவலை

படிவு முடிந்ததும் என்ன செய்கிறீர்கள் என்று எழுதவில்லையே. அந்த வெப்பத்தில் வளர்வது ஆக்சிஜன் குறைந்த நாற்கோண அமைப்பு, அது மீக்கடத்தியே இல்லை. அறையை ஆக்சிஜனால் நிரப்பி (நான் 500 மில்லிபார் வைப்பேன்) 450 டிகிரி பக்கம் அரை மணி நேரமாவது நிறுத்தினால்தான் ஆக்சிஜன் உள்ளே போய் செஞ்சாய்சதுர அமைப்பாக மாறும்.

நீலச்சுடர்

அனீல் (ஆக்சிஜனில் அப்படிச் சூட்டில் நிறுத்துவது) அவசியம்தான், ஆனால் இங்கே அது காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. படலம் முழுக்க ஒரே அளவில் ஆக்சிஜன் குறைந்திருந்தால் 90 என்ற தொடக்கமே கீழே வந்திருக்கும். தொடக்கம் நன்றாக இருந்து வால் மட்டும் நீள்கிறது என்றால் ஒரு பகுதி நன்றாக வளர்ந்திருக்கிறது, இன்னொரு பகுதி வளரவில்லை. நீங்கள் சொல்லும் 780 ஹீட்டரின் வெப்பம், சப்ஸ்ட்ரேட் (படலம் வளரும் அடிச் சில்லு) மேற்பரப்பின் வெப்பம் இல்லை. சில்வர் பேஸ்ட் வைத்துத்தானே ஒட்டுகிறீர்கள்? சில்லைக் கழற்றி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பேஸ்ட் பிடிக்காத இடம் பளிச்சென்று தெரியும், அதற்கு நேர் மேலே வெப்பம் குறைந்திருக்கும், அங்கே படிகத்தின் நீண்ட அச்சான சி அச்சு நிமிர்ந்து நிற்காமல், ஏ அச்சு நிமிர்ந்த துகள்கள் முளைத்திருக்கும். எனக்கு இதே கோளாறில் இரண்டு மாதம் போனது, அதுவரை அழுத்தத்தையும் லேசர் ஆற்றலையும்தான் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரே எடுத்து சி அச்சு நீளத்தையும் பாருங்கள், நல்ல படலத்தில் 11.68 ஆங்ஸ்ட்ராம் பக்கம் வரும், ஆக்சிஜன் குறைந்தால் அது நீளும். அதைப் பார்க்காமல் எந்தத் திருகையும் தொட வேண்டாம்.

வெண்பனி

படலம் சரியானாலும் மைக்ரோவேவுக்கு ஸ்ட்ரோன்சியம் டைட்டனேட் வேண்டாம். அறை வெப்பத்திலேயே மின்காப்பு மாறிலி சுமார் 300, குளிரக் குளிர ஆயிரக்கணக்கில் ஏறும், இழப்பும் அதிகம். மெக்னீசியம் ஆக்சைடில் அது 10 பக்கம்தான், ஆனால் படிக இடைவெளி ஒத்துப்போகாததால் சில துகள்கள் 45 டிகிரி திரும்பி வளரும். 1988-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் காட்டியது போல துகள்களுக்கு இடையே கோணம் கூடக்கூட எல்லையைத் தாண்டும் மின்னோட்டம் வேகமாகச் சரியும். ஸ்க்விட் (நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் கருவி) செய்பவர்கள் அந்த எல்லையையே ஜோசப்சன் சந்தியாக, அதாவது இரு மீக்கடத்திகளுக்கு இடையே உள்ள மெலிந்த இணைப்பாக, பயன்படுத்துகிறார்கள், ஒத்ததிர்விக்கு அது கெடுதல். லாந்தனம் அலுமினேட்டில் தொடங்குங்கள், மாறிலி 24 பக்கம். அப்புறம், படலத்தில் தண்ணீர் படவிடாதீர்கள், லித்தோகிராஃபி (படலத்தில் வடிவம் பொறிப்பது) முடிந்த கையோடு உலர்த்துங்கள்.

கேட்டவர்

அனீல் செய்துகொண்டுதான் இருந்தேன், 500 மில்லிபாரில் அரை மணி நேரம். நீலச்சுடர் சொன்னபடி திருப்பிப் பார்த்தேன், ஒரு மூலை முழுக்க பேஸ்ட் படவே இல்லை. மேலே அந்த மூலை மட்டும் மங்கலாக இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. பேஸ்ட்டை மெல்லிசாகப் பரப்பி, நிதானமாக உலரவிட்டு, மற்ற எதையும் மாற்றாமல் மறுபடி வளர்த்தேன்: சுழி 88.5. மிக்க நன்றி. லாந்தனம் அலுமினேட் சில்லுகள் வந்ததும் அதிலும் வளர்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.