மசக்கை வாந்திக்கு மாத்திரை போட்டவர்கள், போடாமல் சமாளித்தவர்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கீரைக்கட்டு:
இரவு இரண்டு டாக்சினேட் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மசக்கை வாந்திக்கான மாத்திரை அது. கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், அப்புறம் என் கணவரிடம், "எத்தனாவது மாசம் சார்?" என்றார். ரெண்டு முடியப்போகிறது என்று இவர் சொன்னதும் குரலைத் தாழ்த்தி, "தூக்கம் வர்ற மருந்து சார் இது. முதல் மூணு மாசம் எதுவும் போடாம இருந்தா நல்லது. வீட்ல பெரியவங்க இருந்தா ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். வாயில் ஊறுகிற எச்சிலைத் துப்ப இடம் தெரியாமல் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு நிற்கிறேன். விழுங்கப் போகிறவள் நான், பேச்சு முழுக்க இவரோடு.

மாத்திரை அட்டை ஃப்ரிட்ஜ் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. மாமியார் ஒரு பக்கம், போனில் அம்மா ஒரு பக்கம். மோர்கூடத் தங்கவில்லை. கடைசியில் டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டு விழுங்கினேன், மறுநாள் பாதி இட்லி உள்ளே நின்றது. கடைக்காரர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் பையனுக்கு இரண்டு வயதாகியும் அந்தத் தாழ்ந்த குரல் மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது. உங்கள் வீட்டில் யார் சொல்லி முடிவானது?

முத்துநகர்:
எனக்கு முடிவு செய்தது ஒரு காகிதக் குச்சி. மாத்திரையே வேண்டாம் என்று இருந்தவள்தான் நானும். செக்கப் போன இடத்தில் யூரின் எடுத்துவரச் சொன்னார்கள். வந்தால்தானே? அடியில் கொஞ்சம், கரும்மஞ்சளாக. லேப் பெண் குச்சியை நனைத்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்ப்பதற்குள் குச்சி முனை கத்தரிப்பூ நிறம். "அக்கா, அசிட்டோன் மூணு பிளஸ். நடக்காதீங்க, இங்கயே உட்காருங்க" என்றாள். என்னைவிட அவள்தான் பயந்துபோனாள். 52 கிலோவாக இருந்தவள் 48க்கு வந்திருந்தேன். முன்பிருந்த எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைந்துவிட்டால் அது சாதாரண மசக்கை கணக்கில் வராதாம். உடம்பு தன் கொழுப்பையே கரைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த அசிட்டோன்தான் அடையாளமாம். அன்றே டிரிப்ஸ், ஊசி, வீட்டுக்கு வந்ததும் மாத்திரை. அதற்குமேல் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

ஆச்சி வீட்டுச் சமையல்:
நான் மூன்று பெற்றவள், ஒரு மாத்திரை போட்டதில்லை. தாளிக்கிற வாசனை வந்தாலே புழக்கடைக்கு ஓடுவேன். ஒருநாள் ஓட முடியாமல் அம்மி மேலேயே எடுத்துவிட்டேன். மாமியார் ஒன்றும் சொல்லாமல் அம்மியைக் கழுவிவிட்டு, ஆறின கஞ்சியும் நாரத்தங்காய் ஊறுகாயும் கொண்டுவந்து வைத்தார். அதோடு சரி.

இப்போது எடுத்ததற்கெல்லாம் மாத்திரை. விழித்ததும் எழுந்திருக்காதீர்கள், படுத்தபடியே ஒரு கை பொரி மெல்லுங்கள், அப்புறம் மெல்ல உட்காருங்கள். இஞ்சிச் சாறு வேண்டாம், அது நெஞ்சைக் கரிக்கும், இஞ்சித் துண்டை உப்பில் தொட்டு வாயில் அடக்குங்கள். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள், இடையில் மிடறு மிடறாகக் குடியுங்கள். வயிறு காலியாக இருந்தால்தான் அதிகம் குமட்டும். சாதத்தை ஆறவைத்துச் சாப்பிட்டால் ஆவி மூக்கில் ஏறாது. எலுமிச்சம்பழத்தைக் கீறி முகரலாம். வீட்டில் வேறு யாராவது சமைக்கட்டும். பல் தேய்ப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். இவ்வளவும் செய்துவிட்டு மாத்திரை பற்றி யோசிக்கலாம். தாலிடோமைடு என்று ஒன்றை இப்படித்தான் மசக்கைக்குக் கொடுத்தார்கள், கை கால் இல்லாமல் குழந்தைகள் பிறந்தன. மறந்துவிட வேண்டாம்.

மருந்துச்சீட்டு:
மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன் (கீரைக்கட்டு சொன்ன கடை இல்லை!). ஒரு பெண் பழைய அட்டையை நீட்டி, "இதே குடுங்க, ஆனா வீட்டுக்காரர் கேட்டா வைட்டமின்னு சொல்லிடுங்க" என்றார். சீட்டு சரியாக இருந்தது, கொடுத்தேன். இன்றுவரை உறுத்துகிறது, பொய் சொல்லச் சொன்னதால் இல்லை, அவ்வளவு தூரம் அவரைக் கொண்டுவந்துவிட்டார்களே என்று.

ஆச்சி, பொரி, ஆறின சாதம் எல்லாம் சரிதான், லேசான குமட்டலுக்கு. தாலிடோமைடைக் கொண்டுவந்து இங்கே கோர்ப்பது சரியில்லை. அது 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்கத்துக்கும் படபடப்புக்கும் என்று கடைக்கு வந்தது, 1961 கடைசியில் திரும்பப் பெற்றார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி, காட்டிய ஆதாரம் போதாது என்று அனுமதி தராமலே நிறுத்திவைத்தார். டாக்சினேட்டில் இருப்பது வேறு: டாக்சிலமைன், அதோடு வைட்டமின் பி6. இந்த ஜோடி சேர்ந்த பெண்டெக்டின் என்ற மாத்திரை அமெரிக்காவில் 1956 முதல் விற்றது. தாலிடோமைடு பயம் இருந்த காலம், வழக்கு மேல் வழக்கு, 1983இல் கம்பெனியே விற்பதை நிறுத்திக்கொண்டது. நிறுத்தியதால் பிறவிக் குறைபாடு குறைந்ததா என்றால் இல்லை. வாந்தியால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த கர்ப்பிணிகள்தான் கூடினார்கள். கனடாவில் நிறுத்தவே இல்லை. 2013இல் அமெரிக்க அரசு அதே ஜோடிக்குப் புதுப் பெயரில் மறுபடி அனுமதி கொடுத்தது.

கேட்காவிட்டாலும் இன்னும் இரண்டு சொல்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை பலருக்குக் குமட்டலைக் கூட்டும், முதல் மாதங்களில் அதைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், ஃபோலிக் ஆசிட்டை மட்டும் விடாதீர்கள். அடுத்தது, பல நாள் சாப்பாடே தங்காதவருக்கு குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் என்ற பி1 கொடுக்க வேண்டும். அது இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மூளை பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. டிரிப்ஸ் போட வருகிறவரிடம் கேட்கலாம், தப்பில்லை.

இரவு ஷிப்ட்:
மருந்துச்சீட்டு எழுதியதெல்லாம் டாக்சினேட்டில் வாந்தி அடங்கியவர்களுக்கு. எனக்கு அதிலும் அடங்கவில்லை, பெரினார்ம் என்ற வாந்தி மருந்திலும் அடங்கவில்லை. அடுத்தது எமிசெட், நாக்கில் வைத்தால் கரைகிறதே அது. கீமோதெரபி வாந்திக்காக வந்த மருந்து என்று படித்ததும் ராத்திரி முழுக்க பாத்ரூம் தரையில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உதடு, அண்ணப் பிளவு என்று வருகிறது.

மறுநாள் டாக்டர் சீட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் எழுதினார்: 10,000. கீழே 11, அதன் பக்கத்தில் 14. "2018ல அமெரிக்கால பெரிய ஆய்வு வந்துது. மருந்து போடாதவங்க பத்தாயிரம் பேர்ல 11 குழந்தைக்குப் பிளவு, போட்டவங்கள்ல 14. வித்தியாசம் மூணு. உங்களுக்கு இன்னும் 10 வாரம் முடியல. நீங்கதான் சொல்லணும்." இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கீரைக்கட்டுக்குத் தன்னைக் கேட்கவில்லை என்று கோபம். என்னைக் கேட்டார்கள், எனக்கு அதுதான் கோபம். நிமிர்ந்து உட்காரக்கூட முடியாதவள் கையில் மூன்றைக் கொடுத்து யோசி என்றால்? போட்டேன். பெண் நன்றாக இருக்கிறாள். அந்தச் சீட்டு இன்னும் ஃபைலில் இருக்கிறது. (மலச்சிக்கல் பற்றி எனக்கு ஒருவரும் எச்சரிக்கவில்லை. அதற்குத் தனித் திரி தொடங்க வேண்டும்.)

ஆச்சி வீட்டுச் சமையல்:
பயப்பட வேண்டாம் என்கிறீர்கள், நீங்களே பிளவு என்றும் எழுதுகிறீர்கள். அதைத்தானே நானும் சொன்னேன்.

இரவு ஷிப்ட்:
பயப்பட வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்?

யாழ்தேவி:
நான் லண்டனில் இருக்கிறேன், அம்மா யாழ்ப்பாணத்தில். ஒரே சத்தி, தண்ணியும் நிற்கவில்லை. இங்கே முதலில் சைக்ளிசின் குளிசை தந்தார்கள். வீடியோ கோலில் அம்மா இருக்கிற நேரம் பார்த்துக் குளிசையை எடுத்துவிட்டேன். "என்னடி அது கையில? பிள்ளைக்கு ஏதும் ஆகிப்போடும், வை கீழ" என்று அங்கேயிருந்து கத்துகிறா. நான் போனைக் கதிரையில் கவிழ்த்து வைத்துவிட்டு விழுங்கினேன். போனுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டபடி.

பிறகு அம்மா, "நீ மனசைத் திடமா வச்சிருந்தா வராது" என்று சொன்னதுதான் எனக்குக் கூட நோகுது. 2023 டிசம்பரில் நேச்சர் சஞ்சிகையில் வந்த ஆய்வைத் தங்கச்சிக்கு அனுப்பி அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். ஜிடிஎஃப்15 என்று ஒரு ஹோர்மோன், கருவோடு சேர்ந்த பக்கத்திலிருந்து தாயின் இரத்தத்துக்கு வருகிறது. கர்ப்பத்துக்கு முதல் உடம்பில் அது குறைவாக இருந்து பழகாத பெண்களுக்குத்தான் அது திடீரென்று கூடும்போது சத்தி மோசமாகிறதாம். அதில் முன்னின்ற மார்லினா ஃபெய்சோவே இப்படிச் சத்தி எடுத்து ஒரு பிள்ளையை இழந்தவர். அம்மா கேட்டுவிட்டு, "அப்ப எனக்கு ஏன் வரேல்ல?" என்றா. பதில் தெரியவில்லை, அவவுக்கு முதலிலிருந்தே அது கூடவாக இருந்திருக்கும் என்று சமாளித்தேன்.

வாசல் திண்ணை:
ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை. மனைவி பக்கெட்டைக் கட்டிப் பிடித்தபடி, தலையைத் தூக்காமலே, "கலைச்சிடலாமா?" என்று கேட்டாள். கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்து வந்த குழந்தை. நான் வாயடைத்து நின்றேன். அவளே, "சும்மா கேட்டேன்" என்றாள். சும்மா கேட்கவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். மறுநாள் டாக்டரிடம் அதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, அட்மிஷன் போட்டார். எத்தனை தடவை வாந்தி என்று அதுவரை கேட்டவர்கள் யாரும் தூங்குகிறாளா, அழுகிறாளா என்று கேட்டதில்லை. ஆச்சி, உங்கள் மாமியார் நல்லவர். எங்கள் வீட்டில் அம்மியைக் கழுவ ஆள் இல்லை.

செங்கல்சூளை:
எல்லோரும் மாத்திரை பற்றியே பேசுகிறீர்கள், ஊசி பற்றியும் எழுதிவைக்கிறேன். டிரிப்ஸ் போகும்போது பெரினார்மை நரம்பில் சர்ரென்று ஏற்றினார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, உடம்புக்குள் யாரோ ஓடு ஓடு என்கிற மாதிரி. படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை, ஊசியைப் பிடுங்கிவிட்டு வார்டை விட்டு ஓடப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில் பாட்டி, பேய் பிடித்துவிட்டது என்று என் நெற்றியில் திருநீறு பூச வந்தார். பெரிய நர்சம்மா வந்து பார்த்த மாத்திரத்தில், "மருந்து ஒத்துக்கல, ஃபெனர்கன் எடு" என்றார். கொஞ்ச நேரத்தில் அடங்கியது.

மருந்துச்சீட்டு:
அந்த மருந்தில் இது தெரிந்த விஷயம்தான். வேகமாக ஏற்றினால் அதிகம் வரும், மெதுவாக ஏற்றினால் குறையும். மாத்திரையிலும் சிலருக்குத் தாடை இழுக்கும், கழுத்து திருகும். வந்தால் நிறுத்திவிட்டு உடனே சொல்ல வேண்டும்.

செங்கல்சூளை:
சொல்லித்தான் இரண்டாவது பிரசவத்துக்கு அட்டையின் முதல் பக்கத்திலேயே 'பெரினார்ம் வேண்டாம்' என்று சிவப்பு மையில் எழுதி வாங்கினேன். அந்தத் தடவை வாந்தியே வரவில்லை.