நானூறு பக்கத்தில் டிரம்மருக்கு ஒன்றரை வரி

டவுன்ஹால் ரோட்டுக் கேசட்காரன்:

ஒரு ராக் பாடகரின் சுயசரிதை என்னை ஏமாற்றிவிட்டது. எந்தப் பாடகர் என்று மட்டும் கேட்காதீர்கள். அவருடைய கேசட்டுகள் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கின்றன. பெயர் சொல்லித் திட்டிவிட்டு, இரவில் அதையே எடுத்துக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

1986-இல் நான் கல்லூரியில் முதலாம் ஆண்டு. விடுதி நண்பன் ஒருவன் சென்னையிலிருந்து கொண்டுவந்த கேசட்டை, டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் கொடுத்து நகலெடுக்கச் சொன்னேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில் பாட்டு எப்போது ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். பாட்டு எனக்கும் புரியவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டது நடுவில் வரும் டிரம்ஸ்தான். மற்ற எல்லாம் அடங்கி, அது மட்டும் நாற்பது நொடி தனியாகப் பேசும். மின்சாரம் போன இரவுகளில் பேட்டரி தீர்ந்துவிடும் என்று பென்சிலைச் சொருகி நாடாவைக் கையால் பின்னுக்குச் சுற்றி, அந்த நாற்பது நொடியையே கேட்பேன். கடைசியில் நாடா தேய்ந்து அந்த இடத்தில் மழை இரைச்சல்தான் மிஞ்சியது.

சென்ற மாதம் மகன் அவருடைய சுயசரிதையைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தான். நானூறு பக்கம். இளமைப் பருவம் அருமை, அதை மறுக்க மாட்டேன். குழு சேர்ந்த அத்தியாயத்தில் தொடங்கியது சறுக்கல். பாட்டு வென்றால் "நான் எழுதினேன்", ஆல்பம் விழுந்தால் "நாங்கள் தடுமாறினோம்". மூன்று மனைவியருக்கும் சேர்த்து ஒரே அத்தியாயம். முதல் காருக்குத் தனி அத்தியாயம்! டிரம்மர் விலகிய செய்தி ஒன்றரை வரியில் முடிகிறது. நான் தேய்த்த அந்த நாற்பது நொடி? ஸ்டூடியோவில் அவருக்கே திடீரென்று உதித்த யோசனையாம். அந்தப் பக்கத்தோடு மூடி வைத்துவிட்டேன். "பிடித்ததா அப்பா?" என்று மகன் கேட்டதற்கு, "அச்சு நன்றாக இருக்கிறது" என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒத்தக்கடை வக்கீல்:

ஐயா, உங்கள் டிரம்மரைச் சுயசரிதையில் தேடினால் கிடைக்க மாட்டார். வழக்குக் கட்டுகளில் தேடுங்கள்.

நானும் இப்படி ஏமாந்தவள்தான். ஒருவருடைய நினைவுக் குறிப்பைப் படித்து வெறுத்துப்போய், உண்மையில் யார் எதைச் செய்தார்கள் என்று தேடப் போனேன். அகப்பட்ட வழக்குகள் சுவாரசியமாக இருந்தன. பிங்க் ஃபிளாய்டு என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 1973 ஆல்பத்தில் சொற்களே இல்லாமல் ஒரு பெண் குரல் கதறி, தணிந்து, மறுபடி எழுமே, அது கிளேர் டோரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவுக்கு வந்து பாடிவிட்டுப் போனார். கூலி 30 பவுண்டு. உறையில் இசையமைத்தவர் என்று கீபோர்டு கலைஞர் பெயர் மட்டும்தான் இருந்தது. எங்கள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை திறந்த அதே 2004-இல் அவர் லண்டனில் வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டே சமரசமானது. அதற்குப் பிறகு அவர் பெயரும் சேர்ந்தது.

இன்னொன்று, புரோக்கல் ஹாரம் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 1967 பாட்டு. தொடங்கியதும் ஆளை இழுப்பது ஆர்கன் இசைதான். அதை வாசித்த மேத்யூ ஃபிஷர் 38 ஆண்டு கழித்து 2005-இல் வழக்குப் போட்டார். லண்டன் உயர் நீதிமன்றம் பாட்டின் இசை உரிமையில் 40 சதவீதப் பங்கு கொடுத்தது. மேல்முறையீட்டில் பணத்தின் மீதான உரிமை பறிபோனது. 2009-இல், அப்போது அந்நாட்டின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஒருமனதாக அதைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் கடந்துபோன 38 ஆண்டுக்கான பணம் கிடைக்கவில்லை. எங்கள் கட்சிக்காரர்களுக்கு இதைச் சொன்னால் "வக்கீலம்மா, அவர்களுக்குமா வாய்தா?" என்பார்கள்.

உசிலம்பட்டி தபேலா:

நான் ராக் கேட்டவன் இல்லை. மெல்லிசைக் குழுவில் பதினெட்டு ஆண்டு தபேலா வாசித்தவன். பங்குனி, சித்திரை வந்தால் ஒரே இரவில் இரண்டு ஊர்த் திருவிழா. வேனில் ஸ்பீக்கர் பெட்டி மேல்தான் தூக்கம்.

எங்கள் தலைவரும் பாடகர். வெள்ளி விழாவுக்குத் தம் வாழ்க்கைக் கதையைச் சொந்தச் செலவில் அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்தார். என் பெயர் ஓர் இடத்தில் வருகிறது, அதுவும் எழுத்துப் பிழையோடு. போகட்டும். எங்களிடம் பேஸ் கிதார் வாசித்த அண்ணன் ஒருவர் இருந்தார். குழுவின் முதல் ஆம்ப்ளிஃபயர், அவர் மனைவியின் தாலிச் சங்கிலியை அடகு வைத்து வாங்கியது. புத்தகத்தில் அது "இறைவன் கொடுத்தது". முதல் கச்சேரிப் படத்தில் தலைவருக்கு இடப்பக்கம் அவர் நின்றார். அச்சில் அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டார்கள். ஆனால் சரியாக வெட்டத் தெரியவில்லை. கிதாரின் கழுத்தும் அதைப் பிடித்திருக்கும் நான்கு விரலும் ஓரத்தில் தப்பிவிட்டன.

டவுன்ஹால் ரோட்டுக் கேசட்காரன்:

அந்த அண்ணன் இப்போது எங்கே இருக்கிறார்?

உசிலம்பட்டி தபேலா:

செல்லூரில். கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறார். புத்தகத்தை பாலித்தீன் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார். பழைய ஆட்கள் யாராவது போனால், காபி வருவதற்குள் அந்தப் பக்கத்தைத் திறந்து, படத்தின் பக்கத்தில் தம் இடது கையை வைப்பார். சுண்டு விரல் இரண்டிலும் ஒரே மாதிரி வளைந்திருக்கும்.