மிஸு யோகான் ஏன் இரண்டு அடுக்காகப் பிரிகிறது?

கேள்வி:
ஜப்பானியர் குளிரவைத்து உண்ணும் இனிப்பான மிஸு யோகானை, அசுகிப் பயற்று விழுதும் கடற்பாசித் தூளும் (அகர் அகர்) கொண்டு செய்து வருகிறேன். அச்சிலிருந்து எடுத்து வெட்டினால், அடியில் விழுது கருஞ்சிவப்பாகத் தடித்துக் கிடக்க, மேலே தெளிந்த கூழ் தனியாக நிற்கிறது. 500 மில்லி நீருக்கு 4 கிராம் தூள், 400 கிராம் விழுது என்பது என் அளவு. தூளைக் கூட்ட வேண்டுமா, அல்லது ஜெலட்டினுக்கு மாறலாமா?

பதில் 1:
அளவில் குறையில்லை, ஊற்றும் சூட்டில்தான் குறை. கடற்பாசி கரையக் கொதிக்கும் நீர் வேண்டும், ஆனால் அது உறைவதோ 40 பாகை செல்சியஸை ஒட்டித்தான். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால், அது ஆறி உறைவதற்குள் கனமான பயற்றுத் துகள்கள் அடியில் இறங்கிவிடும். பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் இருத்தி, அடி தொட்டு மெதுவாகக் கிளறிக்கொண்டே இருந்து, கலவை சற்றுக் கெட்டிப்பட்டு அகப்பையின் தடம் ஒரு கணம் நின்று மறையும் பதத்தில் ஊற்றுங்கள். அதற்கும் தாமதித்தால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். சர்க்கரையைத் தூள் முழுவதும் கரைந்த பிறகே சேருங்கள்.

பதில் 2:
ஜெலட்டின் வேண்டவே வேண்டாம். அது வாயின் சூட்டில் உருகி வழவழக்கும். யோகானோ பல் பட்டதும் சுத்தமாக முறிய வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் கியோட்டோவை அடுத்த புஷிமியில், குளிர்கால இரவில் வெளியே எறிந்த தொகொரோதென் என்ற கடற்பாசிக் கூழ் உறைந்து காய்ந்ததிலிருந்தே உலர்ந்த கடற்பாசி பிறந்தது என்பார்கள். நாகானோ மாகாணத்தின் சினோவில் இன்றும் குளிர்காலத்தில் வயல்வெளியில் பரப்பி, இரவில் உறையவும் பகலில் உருகவும் விட்டுத்தான் உலர்த்துகிறார்கள். ஒன்று கூடுதலாக: மிஸு யோகான் கோடைக்கே உரியது என்பது புகுயி மாகாணத்தாரிடம் செல்லாது, அவர்கள் அதைக் குளிர்காலத்தில்தான் உண்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வராபிமோச்சி என்ற ஜப்பானிய இனிப்பையும் இதைப் போலவே முந்தைய இரவே குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாமா?

பதில் 1:
கூடாது. அது கடற்பாசியால் அன்று, மாவுச்சத்தால் குழைவது. நெடுநேரம் குளிர்ந்தால் கண்ணாடி போன்ற தெளிவு போய் வெளுத்து இறுகிவிடும். பரிமாறும் நாளிலேயே கிளறி, துண்டுகளை ஐஸ் நீரில் சிறிது நேரம் இட்டெடுத்து, ஈரத்தை வடித்து, வறுத்த சோயா மாவைத் தூவுங்கள். கருப்பட்டிப் பாகை ஒத்த குரோமித்ஸுவை உண்ணும்போது ஊற்றினால் போதும், முன்னரே ஊற்றினால் மாவு நனைந்து சகதியாகிவிடும்.