ஒரு டார்ச் லைட்டுக்கு 30 கோடியா? ஸ்டெல்த் விமானம் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பாலக்கோடு மெக்கானிக்கல்

அண்ணன்களுக்கு வணக்கம். தர்மபுரியில் டிப்ளமா கடைசி வருடம் படிக்கிறேன். 2025 பிப்ரவரியில் பெங்களூரு எலகங்காவில் நடந்த ஏரோ இந்தியா விமானக் கண்காட்சிக்குப் போய், ரேடாரில் எளிதில் சிக்காத ஸ்டெல்த் போர்விமானங்களான எஃப்-35, சுகோய்-57 இரண்டையும் பார்த்து வந்ததிலிருந்து இதே பைத்தியம்தான், பரீட்சைக்குப் படிப்பதை விட இதைத்தான் அதிகம் படிக்கிறேன்.

விஷயம் என்னவென்றால், 2023 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில் லூக் விமானத் தளத்தில் ஒரு எஃப்-35 இன்ஜினைத் தரையில் நிறுத்தி வைத்தே ஓட்டிச் சோதித்திருக்கிறார்கள். காற்று உள்ளே போகும் வாயில் யாரோ மறந்து வைத்த கை டார்ச்சை இன்ஜின் இழுத்துக்கொண்டது. சேதம் 39 லட்சம் டாலராம்! நம்ம பணத்தில் 30 கோடிக்கு மேல். விமானம் பறக்கவே இல்லை, யாருக்கும் அடி இல்லை. நாலு பிளேடை மாற்றினால் முடிந்துவிடாதா? இன்னொன்று, தென்கொரியாவில் ஒரு எஃப்-35ஐ ரிப்பேர் செய்ய புதிதாக வாங்கிய விலையை விட அதிகம் கேட்டார்கள் என்று படித்தேன். இது எந்த ஊர்க் கணக்கு?

மிக் காலத்து ஆள்

தம்பி, அந்த டார்ச் ஒரே இடத்தில் அடித்து நின்றிருந்தால் நீ சொல்வது சரி. முன்னால் இருக்கும் விசிறியில் பட்டு நொறுங்கியதும் துண்டுகள் காற்றோடு சேர்ந்து காற்றை அழுத்தும் அடுத்தடுத்த கம்ப்ரஸர் வரிசை, எரிபொருள் நாசில், டர்பைன் என்று போகிற வழியெல்லாம் கடித்துக்கொண்டே போகும். இன்ஜினைக் கழற்றி, முழுக்கப் பிரித்து, ஒவ்வொரு பிளேடாக விரிசல் பார்க்காமல் திரும்ப மாட்ட முடியாது. அந்த இன்ஜின் மட்டும் 1.4 கோடி டாலர் விலை, அதில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல் போயிருக்கிறது, அவ்வளவுதான். தளத்தில் வைத்துச் சரிசெய்யவும் வழியில்லை.

நான் விமானப்படையில் தரைப்பணியில் இருந்து ஓய்வு பெற்று இப்போது கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். எங்கள் டூல் பெட்டியில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்திலேயே ஒரு பள்ளம் இருக்கும், வேலை முடிந்ததும் பள்ளம் ஒன்று காலியாகத் தெரிந்தால் அது கிடைக்கிற வரை ஃபார்ம் 700 என்ற விமானப் பராமரிப்புப் பதிவேட்டில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், ராத்திரி 2 மணி ஆனாலும் சரி. லூக்கில் நடந்த விசாரணையும் இதைத்தான் சொன்னது, இன்ஜினை ஓட்டும் முன் டூல் கணக்கு எடுக்கவில்லை.

இதில் பிரிட்டிஷ்காரன் கதை இன்னும் மோசம். 2021 நவம்பரில் குயின் எலிசபெத் கப்பலில் இருந்து கிளம்பிய எஃப்-35பி ஓட்டத்திலேயே வேகம் வராமல் மத்தியதரைக் கடலில் விழுந்தது. மழை, தூசி போகாமல் இன்ஜின் வாயை அடைத்து வைக்கும் மூடியில் ஒன்று உள்ளேயே இருந்துவிட்டது. பைலட் குதித்துப் பிழைத்தார், விமானத்தைக் கடலடியில் இருந்து தூக்கினார்கள்.

ஓசூர் பி ஷிப்ட்

சிப்காட்டில் ஒரு சிஎன்சி கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன், ஏரோ பாகங்கள் கொஞ்சம் வரும். சார் இன்ஜினைச் சொல்லிவிட்டார், நான் உடம்பைச் சொல்கிறேன்.

ஸ்டெல்த் விமானத்துக்குத் தோலும் வடிவமும்தான் எல்லாம். ரேடார் அலையை விழுங்கும் பூச்சு, பேனலுக்குப் பேனல் இடைவெளி, ஸ்க்ரூ தலை மேலே அடைக்கும் ஃபில்லர், இதில் எங்கே மேடு பள்ளம் வந்தாலும் ரேடாரில் தெரியும் அளவு கூடிவிடும். உள்ளே ஒரு சின்ன வால்வை மாற்றப் பேனலைத் திறந்தால்கூட மூடும்போது திரும்ப அடைத்து, காயவிட்டு, சரிபார்த்துதான் விட வேண்டும். வால்வு மாற்ற ஒரு மணி நேரம் என்றால் தோலுக்கு நாள் கணக்கு.

அப்புறம் சட்டகம் கோணினால் தொலைந்தது. கொரியாவில் 2022 ஜனவரியில் நடந்தது அதுதான். கழுகு மோதி, வயிற்றுப் பக்கத் தடுப்புச் சுவர் கிழிந்து, சக்கரம் இறங்காமல் சோசான் தளத்தில் வயிற்றால் சறுக்கி இறக்கினார்கள். பைலட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சேதம் 300 இடத்தில். வாங்கிய விலை சுமார் 11,000 கோடி வோன், ரிப்பேருக்குக் கேட்டது 14,000 கோடி, நாலு வருடத்துக்கு மேல் ஆகும் என்றும் சொன்னதால் அந்த விமானத்தையே கைவிட்டுவிட்டார்கள். இப்போது மெக்கானிக்குகளுக்குப் பாடம் நடத்த வைத்திருக்கிறார்கள்.

தொப்பூர் கணவாய்

நான் லாரி வொர்க்ஷாப் வைத்திருப்பவன். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் நசுங்கி வருகிற வண்டிக்கு எங்கள் எஸ்டிமேட் வண்டி மதிப்பைத் தாண்டினால் இன்சூரன்ஸ் சர்வேயர் டோட்டல் லாஸ் என்று எழுதிவிட்டுப் போவார். கொரியாவில் நடந்ததும் அதேதான், இதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்று சொல்லட்டுமா, எங்கள் எஸ்டிமேட் பிடிக்கவில்லை என்றால் லாரிக்காரர் அடுத்த ஷெட்டுக்குப் போவார். எஃப்-35க்கு அடுத்த ஷெட் எங்கே இருக்கிறது? திருவனந்தபுரத்தில் 2025 ஜூன் 14 இறங்கிய பிரிட்டிஷ் எஃப்-35பி ஹைட்ராலிக் கோளாறில் அஞ்சு வாரத்துக்கு மேல் நின்றதே, மழையில் நனைந்தாலும் பரவாயில்லை என்று முதலில் ஹாங்கருக்குள் (விமானக் கொட்டகை) கொண்டுபோகக்கூட சம்மதிக்கவில்லை, இங்கிலாந்தில் இருந்து ஆள் வந்து கை வைத்துதான் ஜூலை 22 கிளம்பியது. வேறு யாரும் தொடக்கூடாது என்றால் சொல்வதுதானே விலை.

ஓசூர் பி ஷிப்ட்

அண்ணா, பாதி ஒத்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் தூக்கிப் போடுவதில்லை. 2012-ல் ஃபுளோரிடாவில் ஒரு பயிற்சி பைலட் எஃப்-22 என்ற இன்னொரு ஸ்டெல்த் போர்விமானத்தை ஓடுபாதையில் வயிற்றால் தேய்த்தார், அதை ஆறு வருடம், 3.5 கோடி டாலர் செலவழித்துப் பறக்க வைத்தார்கள். அந்த விமானம் செய்வதையே 2011-ல் நிறுத்திவிட்டார்கள், புதுசு எங்கேயும் வாங்க முடியாது, அதனால் அந்தச் செலவு அவர்களுக்கு லாபம்தான்.

இன்னொரு வேலையைக் கேட்டால் நீங்களே கை தட்டுவீர்கள். 2014-ல் தரையில் இன்ஜின் வெடித்துப் பின்பக்கம் எரிந்த ஒரு எஃப்-35, 2020-ல் முன்சக்கரம் மடங்கி மூக்கு உடைந்த இன்னொரு எஃப்-35. முதலாவதன் மூக்கைக் கழற்றி இரண்டாவதன் உடம்பில் சேர்த்தார்கள். செலவு 1.17 கோடி டாலர்தான், 2025-ல் பறந்தும்விட்டது. அதற்காகவே பாகங்களை அளவு மாறாமல் பிடித்து வைக்கும் தனி ஜிக், ஃபிக்ஸ்சர் எல்லாம் செய்தார்கள். எனக்கு அந்த அளவெடுப்பைத்தான் நேரில் பார்க்க ஆசை.

தொப்பூர் கணவாய்

இரண்டு வண்டியை வெட்டி ஒரு வண்டி ஆக்கினால் எங்களை ஆர்டிஓ சும்மா விடுவாரா? சரி, வேலை தெரிந்தவன்தான்.

பாலக்கோடு மெக்கானிக்கல்

நன்றி அண்ணன்களே. சர்வேயர் என்றதும் ஒரு சந்தேகம், இந்த விமானங்களுக்கு இன்சூரன்ஸ் உண்டா? தரையில் நடந்ததிலேயே பெரிய நஷ்டம் எது?

மிக் காலத்து ஆள்

அமெரிக்க ராணுவ விமானத்துக்கு வெளி இன்சூரன்ஸ் கிடையாது தம்பி, நஷ்டம் முழுக்க அரசாங்கக் கணக்கில்தான்.

தரையில் நின்றபடியே போனதில் 2016-ல் ஐடஹோவில் நடந்ததைச் சொல்லலாம். எஃப்-35ஐ ஸ்டார்ட் செய்யும்போது பின்னாலிருந்து பலமாக அடித்த காற்று சூடான புகையைத் திருப்பிவிட்டுத் தீப்பிடித்தது, 1.7 கோடி டாலர். ஆனால் தரையில் செய்த தவறுக்குக் கொடுத்த விலை என்று பார்த்தால் பி-2 தான், அது போர்விமானம் இல்லை, குண்டுவீச்சு விமானம், ஆனாலும் ஸ்டெல்த். 2008 பிப்ரவரி, குவாம் தீவு. அங்கே மழை, ஈரம் அதிகம். காற்றழுத்தம் அளக்கும் சென்சார்கள் சிலவற்றில் ஈரம் புகுந்திருந்தது, அதைக் காயவைக்காமல் அப்படியே அளவு சரிசெய்துவிட்டார்கள். ஹீட்டரைப் போட்டு ஈரத்தை விரட்டிவிட்டு அளவெடுக்க வேண்டும் என்று முன்பே சில மெக்கானிக்குகளுக்குத் தெரியும், ஆனால் மேனுவலில் ஏறவில்லை. கிளம்பும்போது கம்ப்யூட்டர் தப்பான வேகத்தைக் காட்டி, மூக்கைத் திடீரென்று 30 டிகிரி மேலே தூக்கி, இறக்கை தரையில் உரசி விழுந்தது. இரண்டு பைலட்டும் குதித்துவிட்டார்கள். 140 கோடி டாலர், இதில் ரிப்பேர் எஸ்டிமேட்டுக்கே வேலை இல்லாமல் போனது.