கைலிக்கு நடுவில் புடவை வைத்துத் தைத்த விரிப்பு அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது, எங்கே தப்பு?

மூட்டுக்காரி (குடியாத்தம்):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்கு முன்னும் பின்னும் சேர்த்து மூன்று நாளைக்கு எங்கள் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. கத்திரி வெயிலில் வீட்டுக்குள் யாராலும் தூங்க முடியாது, எல்லோரும் மொட்டை மாடிதான். போன வருஷம் என் நாத்தனார் வீட்டுக்காரர் வெறும் கோரைப்பாயில் படுத்துவிட்டு, காலையில் முதுகு முழுக்க வரி பதிந்து எழுந்து வந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாத்தனார் சொன்னார், இன்றைக்கு வரைக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

அதனால் இந்த வருஷம் பாய்மேல் போட ஆறு விரிப்பு நானே தைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். நான் வீட்டில் கைலி மூட்டிக் கொடுக்கிறவள். பதினெட்டு வருஷமாகக் காலால் மிதிக்கிற மெஷின்தான். இது ஒரு பெரிய வேலையா என்று நினைத்துவிட்டேன்.

கணக்கு இப்படித்தான் போட்டேன். புடவை ஐந்தரை மீட்டர், அதாவது பதினெட்டு அடி. மூன்றாக மடித்தால் ஆறடி, ஒரு ஆள் நீட்டிப் படுக்கச் சரியாக இருக்கும், கத்தரியே வைக்க வேண்டாம். கைலியின் மூட்டைப் பிரித்து விரித்தால் இரண்டு மீட்டர். என் வீட்டுக்காரரின் பழைய கைலியை அளந்து பார்த்தேன், துவைத்துத் துவைத்து நாலு விரல் குறைந்திருந்தது, அப்படியும் புடவை மடிப்பை விட நீளம்தான். அப்போது அடியில் ஒரு கைலி, நடுவில் புடவை, மேலே ஒரு கைலி. மிஞ்சுகிற ஓரத்தை உள்ளே மடித்து ஓட்டினால் தனியாகப் பட்டி வைக்கிற வேலையும் இல்லை.

அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது, விரிப்புதான் சரியாக வரவில்லை. தைக்கும்போதே மேல் கைலி நகர்ந்து நகர்ந்து, கடைசியில் ஒரு சாண் துணி மேலே மிஞ்சி நின்றது. அதை மடித்து அமுக்கித் தைத்தேன். அடியில் திருப்பிப் பார்த்தால் நூல் பந்து பந்தாகச் சுருண்டு குருவிக்கூடு மாதிரி இருக்கிறது. சரி, துவைத்தால் படிந்துவிடும் என்று துவைத்தேன். காய்ந்ததும் நாலு மூலையும் மேலே தூக்கிக்கொண்டது. சிவப்புக் கைலியின் சாயம் வேறு அடியில் இருந்த வெள்ளைக் கட்டத்தில் இறங்கிவிட்டது.

மேலே வைத்தது புதுக் கைலி, மூட்டாமல் வீட்டில் கிடந்த பீஸ். அடியில் பழையது. நடுவில் என்னுடைய பூனம் புடவை. எங்கே தப்பு செய்தேன்? இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. கொழுந்தனார் மருமகளுக்கு ஆனி மாதத்தில் குழந்தை பிறக்கப் போகிறது, அதற்கும் இதே மாதிரி சின்னதாக ஒன்று தைக்க ஆசை.

---

வெயிலூர்க்காரன் (ஆற்காடு):

எதுக்கு அக்கா இவ்வளவு பாடு? பஞ்சு மெத்தை மாதிரி மடித்து வைக்கிற விரிப்பு எல்லாம் இப்போ ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கிறது. நாலு நாளில் வீட்டு வாசலில் வந்து இறங்கிவிடும்.

---

மூட்டுக்காரி:

தம்பி, அந்த மாதிரி ஒன்று ஏற்கெனவே வாங்கியாயிற்று. மேலே வழவழ துணி, உள்ளே நைலான் பஞ்சு. மே மாதம் நம் ஊரில் அதன் மேல் படுத்துப் பாருங்கள், முதுகில் ஊற்றிக் கழுவின மாதிரி வேர்க்கும். இப்போது அதில் எங்கள் வீட்டுப் பூனை படுக்கிறது, அதுவும் மழைக்காலத்தில் மட்டும்.

---

காட்பாடி டீச்சர்:

தங்கச்சி, நான் தையல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். நீங்கள் எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள், நாள் முழுக்க மெஷினில் உட்காருகிறவர்கள்தான் இந்தத் தப்பைச் செய்வார்கள். புதிதாகத் தைக்கிறவள் பயந்துபோய் ஐம்பது குண்டூசி குத்துவாள். நீங்கள் கை பழக்கத்தை நம்பி அப்படியே ஓட்டியிருப்பீர்கள்.

கைலி மூட்டும்போது இரண்டே மடிப்பு. அதுவும் கஞ்சி விறைப்பில் இருக்கிற துணி, சொன்னபடி கேட்கும். இங்கே அப்படி இல்லை. மெஷினில் அடியில் இருக்கிற பல் கீழ்த்துணியைத்தான் பின்னால் தள்ளும். மேலே பாதம் மேல்துணியை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு தையலிலும் கீழே இருப்பது துளி முந்திப் போகும், மேலே இருப்பது துளி பின்தங்கும். கைலியின் மூட்டு ஒன்றேகால் மீட்டர்கூட வராது, அதில் இந்தத் துளி கண்ணுக்குத் தெரியாது. ஆறடிக்கு ஓட்டிப் பாருங்கள், உங்களுக்கு மிஞ்சிய அந்த ஒரு சாண் அதுதான். நடுவில் பூனம் வேறு. அது வழுக்குகிற துணி, மேலே கீழே இருக்கிற இரண்டையும் சறுக்கிவிடும். பருத்திப் புடவை மட்டும் வையுங்கள், அதுவும் கட்டிக் கட்டி நைந்தது.

கைலி புதிதாக இருந்தால் இரண்டு முறை ஊறவைத்து, துவைத்து, வெயிலில் போட்டு எடுத்த பிறகுதான் பழையதோடு சேர்க்க வேண்டும். கஞ்சி இறங்கும்போது துணி சுருங்கும், சாயமும் அப்போதே தெரிந்துவிடும். ஈரத்தில் ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள், நிறம் ஒட்டினால் அந்தக் கைலி இதற்கு வேண்டாம். என்னைக் கேட்டால் புதுக் கைலியே வேண்டாம்.

இப்போது முக்கியமான வேலை, கச்சாத் தையல், அதாவது துணி நகராமல் இருக்கக் கையால் தற்காலிகமாகப் போடுகிற தையல். இதைத் தாண்டிப் போகவே கூடாது. தரையை நன்றாகத் துடைத்துவிட்டு அடிக் கைலியை விரியுங்கள். கட்டம் போட்ட கைலியில் உள் பக்கம், வெளிப் பக்கம் என்ற தொல்லை இல்லை. நாலு மூலையிலும் ஏதாவது கனம் வையுங்கள், என் வீட்டில் இரண்டு செங்கல், ஒரு குழவி, ஒரு குக்கர். அதன்மேல் புடவை மடிப்பு. நடுவிலிருந்து உள்ளங்கையால் வெளியே நீவி விடுங்கள், இழுக்கக் கூடாது. இழுத்து வைத்த துணி தைத்த பிறகு பழைய நிலைக்குத் திரும்பும், அப்போதும் சுருங்கும். அப்புறம் மேல் கைலி. பெரிய ஊசியில் கண்ணுக்குத் தெரிகிற வேறு நிற நூலைக் கோத்து, முதலில் நடுவில் கூட்டல் குறி மாதிரி இரண்டு வரிசை. பிறகு ஒரு சாணுக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு தையலும் நாலு விரல் நீளம் இருக்கலாம், அழகு பார்க்க வேண்டாம், எல்லாம் உருவிப் போடப் போகிற நூல்தானே. ஒரு விரிப்புக்கு முக்கால் மணி நேரம் ஆகும். முதுகு வலிக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

மெஷினில் ஏற்றும்போது பதினாறாம் நம்பர் ஊசி, தையல் நீளம் பெரியதாக. பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்க மேலே ஒரு திருகு இருக்கும், அதைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முதல் கோடு நட்ட நடுவில். பிறகு வலது பாதியைப் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி மெஷின் கைக்கு அடியில் விட்டு, நடுவிலிருந்து வெளியே வெளியே போங்கள். ஒரு பாதியில் எல்லாக் கோடும் ஒரே திசையில் ஓட வேண்டும். ஒன்று மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்று ஓட்டினால் இரண்டு கோட்டுக்கும் நடுவில் துணி கோணலாக இழுபட்டு நிற்கும்.

கோடு போட சாக்பீஸ் தேடாதீர்கள். உங்களிடம் இருப்பது கைலி, கட்டத்தை நெசவாளர் போட்டே கொடுத்திருக்கிறார்! நாலு விரலுக்கு ஒரு கட்ட ஓரத்தைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். அடிக் கைலியின் கட்டம் மேலே இருப்பதோடு பொருந்தாது, பொருந்தவும் வேண்டாம்.

குருவிக்கூடு வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் மேல் நூல்தான். பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால்தான் டென்ஷன் தட்டுக்குள் நூல் சரியாக உட்காரும். ஆரம்பிக்கும்போது மேல் நூல், பாபின் நூல் இரண்டின் நுனியையும் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள்.

---

பரதராமி பேரன்:

எங்கள் ஊர் சித்தூர் எல்லையை ஒட்டி. எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் பொந்த, தெலுங்கில் அப்படித்தான் சொல்வோம். அவ்வா, அதாவது என் பாட்டி, மெஷினைத் தொட்டதே இல்லை. ஐந்தாறு புடவையை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு கையாலேயே நூலோட்டம் போடுவார். அவர் உட்கார்ந்திருக்கிற கனத்தில் துணி எங்கே நகரும்? கடையில் நூல் வாங்கியும் நான் பார்த்ததில்லை, கிழிந்த புடவையின் கரையிலிருந்து இழை உருவி முறுக்கிக்கொள்வார்.

ஒரு சந்தேகம். டீச்சர் நடுவிலிருந்து வெளியே என்கிறார். அவ்வா ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி உள்ளே போவார். கடைசித் தையல் நட்ட நடுவில் வந்து முடியும். எது சரி?

---

காட்பாடி டீச்சர்:

இரண்டும் சரி தம்பி. கை ஊசி துணியைத் தள்ளாது, குத்தி எடுக்கிறது, அவ்வளவுதான். அதனால் அவ்வா எங்கே வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம், சுருக்கம் வந்தால் கையாலேயே நீவி அடுத்த தையலில் சரிசெய்துவிடுவார். மெஷின் தள்ளிக்கொண்டே போகும். ஓரத்தை முதலில் மூடிவிட்டால் தள்ளின துணி வெளியேற வழி இல்லாமல் நடுவில் கூடாரம் போட்டு நிற்கும்.

அவ்வாவின் பொந்த ஒன்று இன்னும் வீட்டில் இருந்தால் அதை மெஷினில் துவைக்காதீர்கள். பழைய இழை தாங்காது.

---

வாலாஜா நர்ஸ்:

குழந்தைக்குத் தைப்பது பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இரண்டு மடிப்பு போதும். அடியில் இறுக்கமாக விரிக்க மட்டும்தான், ஒரு வயது வரை மேலே போர்த்தவோ தலைக்கு மடித்து வைக்கவோ வேண்டாம், முகத்தில் ஏறினால் குழந்தையால் தள்ளிவிட முடியாது. ஜரிகை, பொத்தான், தொங்குகிற நூல் எதுவும் இருக்கக் கூடாது. கச்சா நூல் ஒன்றுகூட உள்ளே மாட்டியிருக்காமல் உருவிவிடுங்கள், பிஞ்சு விரலில் சுற்றிக்கொள்ளும்.

---

மூட்டுக்காரி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முதலில், கெட்டுப்போன விரிப்பைப் பிரித்துவிட்டேன். ஒரு ராத்திரி முழுக்கப் பிடித்தது. அந்தப் பூனம் புடவையை மடித்து பீரோவில் வைத்துவிட்டேன், அதை இனி என்ன செய்வது என்று தெரியவில்லை.

என் மாமியாரின் சுங்குடிப் புடவை ஒன்று இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் ஆள் தெரிகிற அளவுக்கு நைந்தது. அவரிடம் கேட்டே எடுத்தேன். "எடுத்துக்கோ, ஆனா நாத்தனார் வீட்டுக்காரருக்குப் போடாதே, எனக்குப் போடு" என்றார். மேலேயும் கீழேயும் வீட்டுக்காரரின் கைலி. இரண்டில் ஒன்று, அவர் இன்னும் கட்டிக்கொண்டிருந்தது. கொடியில் காய்ந்ததை எடுத்தேன், இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்.

கச்சாத் தையலை டீச்சரம்மா சொன்னபடி தரையில் உட்கார்ந்து போட்டேன். நாலு வரிசை முடிந்ததும் பரதராமித் தம்பியின் அவ்வா ஞாபகம் வந்து விரிப்பின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டேன். நிஜமாகவே துணி நகரவில்லை. மெஷினில் ஓட்டும்போது இருபத்தோரு கோடு வந்தது. பழைய கைலியில் கட்டமே இடுப்புப் பக்கம் கொஞ்சம் கோணி இருக்கிறது, தினமும் இழுத்துச் சொருகுகிற இடம் இல்லையா? அந்த இடத்தில் கோடும் வளைந்துதான் போகிறது. நான் அதை நேராக்கவில்லை.

காலையில் துவைத்து மாடிக் கைப்பிடிச் சுவரில் போட்டேன். ஈரத்தில் தனியாகத் தூக்க முடியாத கனம், பையனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஒரு மணிக்கெல்லாம் மொறுமொறு என்று காய்ந்துவிட்டது. மூலை நாலும் தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. மேலே மிஞ்சின துணி ஒரு விரல் அகலம், அதை ஓரத்திலேயே மடித்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். இரண்டாவது விரிப்பில் பாதி வந்ததும் மெஷின் கட்டையாக ஓடுகிறது, நடுநடுவே தையல் விட்டுவிட்டுப் போகிறது. நூல் சரியாகத்தான் கோத்திருக்கிறேன். ஊசியும் புதுசு.

---

காட்பாடி டீச்சர்:

பாபின் கேஸைக் கழற்றிப் பாருங்கள். நைந்த பருத்தி பஞ்சாக உதிரும், ஷட்டில் ஓடுகிற குழியிலும் பல்லுக்கு நடுவிலும் அடைத்துக்கொண்டிருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷால் தட்டி எடுத்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். முதலில் வேஸ்ட் துணியில் பத்து அங்குலம் ஓட்டிவிட்டுத்தான் மாமியார் விரிப்பை மறுபடி ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய்க் கறை சுங்குடியில் இறங்கிவிடும்.

---

மூட்டுக்காரி:

இது மாமியாருடையது இல்லை டீச்சரம்மா, நாத்தனார் வீட்டுக்காரருக்கு. கறை பட்டாலும் பரவாயில்லை. பஞ்சு ஒரு பிடி வந்தது, இப்போது ஓடுகிறது.