28 பாகை நீருக்குச் சூட்டுச் சட்டையா?

நிலாவெளிப் பொடியன்:
புறாத்தீவுப் பக்கம் ஒரே நாளில் மூன்று டைவ். நீர் 28 பாகைதான். கடைசி டைவில் 50 நிமிடம் தாண்டியதும் தாடை அடிக்கத் தொடங்கிவிட்டது, டைவ் கொம்பியூட்டரின் பட்டனை விரல் தேடித் தடவுகிறது. பற்றரியில் சூடேறும் உள்சட்டை வாங்கலாமா?

கோணமலையான்:
தம்பி, பகிடியா? இருபது வருடம் பழைய ரீசேட்டோடு சங்குக்கு இறங்கினவன் நான். அந்தக் காசுக்கு 5 மில்லிமீற்றர் தடிப்பான ரப்பர் வெற்சூட்டும் தலையை மூடும் ஹூட்டும் வாங்கும்.

ஒஸ்லோக்காரன்:
அண்ணை, 28 பாகையும் தோலைவிடக் குளிர்தான். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடற்சூட்டை இழுக்கும். ஆழம் போகப் போக வெற்சூட்டும் நசிந்து மெலியும். நோர்வேயில் 5 பாகை நீரில் 80 நிமிடம் கிடக்கிறேன்; நீர் புகாத ட்ரைசூட்டுக்குள் அந்தச் சட்டை இல்லாவிட்டால் பாதியில் ஏறியிருப்பேன்.

வாத்தியார்:
இரண்டு பேரும் சட்டையைப் பேசுகிறீர்கள், சுவிச்சை மறந்துவிட்டீர்கள். அமெரிக்கக் கடற்படை 2007இல் வெளியிட்ட ஆய்வில் 37 மீற்றர் ஆழ டைவ். ‘குளிர்’ என்று அவர்கள் வைத்த நீர் 27 பாகை (நம்ம கடல்தான்!), ‘சூடு’ 36. அடியில் 30 நிமிடம் சூடாக இருந்து குளிரில் ஏறிய டைவ்களில் 22 சதவீதம் பெண்ட்ஸில் (ஆழத்தில் உடலில் கரைந்த நைதரசன், ஏறும்போது குமிழாகி வரும் நோய்) முடிந்தன. அடியில் 70 நிமிடம் குளிரில் கிடந்து சூட்டில் ஏறியவற்றில் 1.3 சதவீதம்தான். சூடான தசைக்கு இரத்தம் கூடப் போகும், நைதரசனும் கூட ஏறும். பிறகு குளிரில் நாளம் சுருங்கினால் அது வெளியே வரச் சுணங்கும்.

ஒஸ்லோக்காரன்:
அதனால்தான் நாங்கள் அடியில் குறைத்து வைத்து, ஏறும்போது கூட்டுகிறோம்.

கோணமலையான்:
ஏறும்போது பற்றரி செத்தால்? குளிர் எனக்குப் பழக்கம். பாதியில் நிற்கிற சூட்டுக்குத்தான் பயம்.

ஒஸ்லோக்காரன்:
பற்றரி சாகும் என்று டோர்ச்சும் கொண்டு போகமாட்டீர்களா, அண்ணை? அடியில் கூட்டாமல் விட்டால், நின்றாலும் உங்கள் ரீசேட் நிலைமைதான்.

கோணமலையான்:
சரி விடும். தம்பி, டைவுக்கு இடையில் வள்ளத்தில் எப்படி இருந்தீர்?

நிலாவெளிப் பொடியன்:
வெற்சூட்டை இடுப்புவரை கழற்றிவிட்டு, வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில்.

கோணமலையான்:
அங்கேதான் குளிர் பிடித்திருக்கிறது! ஈர உடம்பில் கச்சான் அடித்தால் வெயிலிலும் சூடு போய்விடும். துடைத்துவிட்டுச் சாரத்தைப் போர்த்தும், பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டு போம்.

நிலாவெளிப் பொடியன்:
சனிக்கிழமை மறுபடி மூன்று டைவ். சாரத்தோடு போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஒஸ்லோ அண்ணா, சட்டையின் விலையை எதற்கும் இன்பொக்ஸில் போட்டுவிடுங்கள்.