முழுக் குறிப்புக்கு ஒரு சொல், கடைசி எழுத்துக்கு ஒரு சொல்

அன்பார்ந்த நண்பர்களுக்கு வணக்கம்.

எண்களை எவ்வடிவில் அச்சிட வேண்டும் எனச் சொல்லும் குறிகளைப் பிரித்து வாசிக்கும் நம் பாகுபடுத்தியில் செய்யப்பட்டுள்ள திருத்தத்தை நேற்றிரவு ஹட்டனில் இருந்து வரி வரியாகப் பார்த்தேன். நிரலில் உள்ள பிழை சிறியதே. அதை இரண்டு முறை நான் தவறவிட்டதற்கு, நாம் புழங்கும் ‘வடிவக் குறிப்பான்’ என்ற சொல்லே காரணம் என்பதால் இதை எழுதுகிறேன்.

தோட்டத்துக் கொழுந்து நிறுவைச் சிட்டையை எடுத்துக்கொள்வோம். 18.5 கிலோவை 018.5 என்று அச்சிட, சதவீதக் குறி, பூச்சியம், ஐந்து, புள்ளி, ஒன்று, எஃப் என ஆறு வரியுருக்களை எழுதுகிறோம். இதில் பூச்சியம் என்பது வெற்றிடத்தைப் பூச்சியத்தால் நிரப்பச் சொல்லும் கொடி, அதாவது அச்சிடும் விதத்தை மாற்றும் குறி; ஐந்துதான் அகலம். திருத்தமோ இரண்டையும் சேர்த்தே அகலமாக வாசிக்கிறது. அப்போதும் அகலம் ஐந்தாகவே அமைவதால் பத்தி கோணாமல் நிற்கிறது. முன்னிற்க வேண்டிய பூச்சியம் மட்டும் வெற்றிடமாகிவிடுகிறது.

நிரலில் அவ்விடத்தில் விளக்கமாக எழுதப்பட்டுள்ள கருத்துரை ‘வடிவக் குறிப்பான் வந்ததும் நிறுத்துக’ என்கிறது. எழுதியவர் கருதியது இறுதியில் வரும் எஃப் எழுத்தை. நான் விளங்கிக்கொண்டது சதவீதக் குறியில் தொடங்கும் முழுத் தொகுதியை. சி நிரல்மொழியின் தரநிலை இவ்விரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. தமிழிலும் அவ்வாறே வேண்டும்.

முழுத் தொகுதிக்கு ‘வடிவக்கோவை’ என்ற முன்மொழிவு ஓசைக்கு அழகானது. ஆனால் பிரதேச செயலகத்துக்கு ஒருமுறை போய்வந்த எவருக்கும் இங்கே இலங்கையில் கோவை என்றால் காகிதக் கட்டுத்தான் நினைவில் வரும். கணினியிலும் அது கோப்போடு மயங்கும். ஆகவே முழுத் தொகுதியை ‘வடிவக்குறிப்பு’ என்றும், இறுதி எழுத்தை ‘வகையெழுத்து’ என்றும் வழங்கலாம் என்பது என் கருத்து.

இறுதியில் வரும் டி, எக்ஸ் ஆகிய எழுத்துகள் இரண்டும் முழு எண்ணையே எடுப்பதால் ‘வகை’ பொருந்தாது என்று ஒருவர் கேட்கலாம். ஒன்று அதைப் பத்தடி எண்முறையிலும் மற்றது பதினாறடி எண்முறையிலும் எழுதுகிறது. தமிழில் வகை என்பது இனத்தை மட்டுமன்றி, ஒன்றைச் செய்யும் விதத்தையும் குறிப்பதால், இச்சொல் இரண்டையும் தாங்கும் என்றே நம்புகிறேன்.

உடன்பட்டால், அக்கருத்துரையை ‘வகையெழுத்து வந்ததும் நிறுத்துக’ என மாற்றி, பூச்சியத்தை அகலத்துக்கு முன்பே கொடியாகப் பிரித்தெடுக்குமாறு திருத்தத்தை மீண்டும் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். இடப்பக்கம் ஒதுக்கும் கழித்தல் குறியோடு சேர்ந்து வரும் பூச்சியம் புறக்கணிக்கப்பட வேண்டும் என்பதால், அதற்கும் ஒரு சோதனை சேர்க்கப்பட வேண்டும்.